நேட்டால்காரர் நேராகப் பதில் சொல்லமாட்டார்

நேட்டால்காரரிடம் மணி கேட்டால் மணியைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். "வெயில் இன்னும் சூலே கோயில் பக்கம் சாயலையே தங்கச்சி" என்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "நேட்டால்ல இந்நேரம் கரும்புக்குத் தீ வச்சிருப்பாங்க, வானமே கறுத்திருக்கும்" என்பார். கேட்ட நமக்குப் பசி போய்விடும். ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தைகளை அவர் வாயால் கேட்டவர்கள் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் இல்லை.

தங்கச்சி என்று அவர் கூப்பிடுவதே எனக்குப் பிடிக்காது. "நான் உங்களுக்குத் தங்கச்சி ஆனது எந்த ஊர்லங்க ஐயா?" என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, டர்பன் துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையாகக் காத்து நிற்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் கட்டடம் பர்மாவில், கியாக்டடா என்கிற பேட்டையில் இருக்கிறது. பஸ்கள் நகரமுடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், பலகைத் தளம், ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கமுடியாத படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது என்பதால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு சின்ன மணி. கீரைக்காரி கீழே நின்று கயிற்றை இழுத்தால் நம் வீட்டில் மணி அடிக்கும். பையைக் கட்டி இறக்கினால் கீரை மேலே வந்துவிடும். நான் மூன்றாவது மாடியில் தையல் வேலை செய்பவள், அவர் இரண்டாவது மாடி. என் கயிறு அவர் பால்கனியை உரசிக்கொண்டுதான் கீழே போகும்.

அதனால் சில நாள் மணி அடிக்கும், எட்டிப் பார்த்தால் தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கீழ்ப் பால்கனியில் அவருடைய வழுக்கைத் தலை தெரியும். "கயிறு வேலை செய்யுதான்னு பாத்தேன் தங்கச்சி." பாதி தைத்த ரவிக்கையை மெஷினில் விட்டுவிட்டு ஓடிவந்த எனக்கு எப்படி இருக்கும்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே போவேன்.

அவர் இளவயதில் கப்பலில் வேலைக்குப் போனவர். ஆப்பிரிக்காவில், நேட்டால் மாகாணத்து டர்பனில் இறங்கினவர் மறுபடி ஏறவில்லை. கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தின ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். திரும்பி வந்தது எப்போது தெரியுமா? இங்கே பட்டாளம் ஆட்சியைக் கவிழ்த்து, ஓட முடிந்தவர்கள் எல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருந்த வருஷத்தில் அவர் உள்ளே வந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், ஒருநாள் அம்மா படுக்கையில் விழுந்ததைச் சொல்வார், இன்னொரு நாள் அங்கே நடந்த கலவரத்தில் கடை எரிந்ததைச் சொல்வார், மூன்றாவது நாள் மாம்பழம் என்பார். தமிழர்கள் அவரை நேட்டால்காரர் என்றார்கள். பர்மாக்காரர்கள் ஊ ஆஃப்ரிக்கா என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டார்கள். முதல் மாடியில் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு நூடுல்ஸ், விற்கிற டோ மியா மட்டும் என் காதில் வேறொரு பேர் சொன்னாள். "தலான்." ஆட்களைக் காட்டிக்கொடுப்பவனுக்கு இங்கே அதுதான் பேர்.

அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. தெருமுனை டீக்கடையில் நேட்டால்காரர் உட்காரும் மேஜையில்தான் வார்டு ஆபீஸ்காரரும் உட்காருவார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எல்லார் வீட்டுக் கதையையும் கேட்டு வைத்துக்கொள்கிற ஆள் அவர். யார் வீட்டில் யார் வந்து தங்கினார்கள், யார் பையன் காணவில்லை என்பதெல்லாம் அவர் வேலை. அந்த மேஜையில் நம் ஆளுக்கு என்ன வேலை?

நான் டீ வாங்கப் போகும்போது ஒருமுறை காது கொடுத்துக் கேட்டேன். நேட்டால்காரர் மேஜையில் தேசப்படம் போட்டுக்கொண்டிருந்தார். சிகரெட் பாக்கெட் மேற்கே மலைத்தொடர், டிராகன்ஸ்பர்க், குளிர்காலத்தில் பனி விழும். டீ கிளாஸ் கிழக்கே டர்பன், அதற்கு அந்தப்பக்கம் கடல். நடுவே விரலால் டீயை இழுத்துவிட்டு, "இது டுகேலா ஆறு. இதுக்கு வடக்கே ராஜா இருக்கிற நாடு, ஜூலுக்களோடது. தெற்கே வெள்ளைக்காரன் நேட்டால்" என்றார். பிறகு லஃபெ என்கிற தேயிலை ஊறுகாய்த் தட்டிலிருந்து பொரித்த பட்டாணியை அள்ளி மேஜை முழுக்கத் தூவினார். "ஆனா வெள்ளைக்காரன் ஜூலுக்களுக்கு விட்ட நாடு இப்படித்தான் துண்டு துண்டாக் கிடந்துச்சு. இந்தப் பட்டாணி அவங்க நாடு, இந்த இடைவெளி அவங்க நாடு இல்லை. காலைல வேலைக்குப் போறவன் வேற தேசத்துக்குப் போயிட்டு வர்ற மாதிரி."

"அப்புறம் ஓட்டு வந்ததே, ஒண்ணாச் சேர்ந்துட்டாங்கல்ல?" என்றார் வார்டுக்காரர்.

"சேர்ந்து ஒரே மாகாணம், குவாஜூலு நேட்டால்னு பேரு. ஆனா தலைநகரம் எதுன்னு சண்டை. ராஜா கட்சிக்காரன் வடக்கே உலுண்டிங்கிறான், மத்தவன் தெற்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்குங்கிறான். ரொம்ப வருஷம் ரெண்டுமே இருந்துச்சு. அதிகாரிங்க பைலைத் தூக்கிக்கிட்டு இங்கயும் அங்கயும் பறந்தாங்க."

"நம்ம ஊர்ல அந்தத் தொல்லை கிடையாது. தலைநகரத்தை இங்கேருந்து ஒரேயடியாத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று வார்டுக்காரர் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கேட்டார், "அது சரி, உங்க மேல்வீட்டுத் தையல்காரம்மா மகன், அந்த ஸோ லின், இப்ப எங்கே வேலை பாக்கிறான்?"

என் மகனைத்தான் கேட்கிறார். தூக்குவாளியோடு ஒதுங்கி நின்றுகொண்டேன். ஸோ லின் என்பது அடையாள அட்டையில் இருக்கிற பேர். வீட்டில் அவன் குமார். ஒரே பிள்ளை, அப்பா இல்லாமல் வளர்ந்தவன்.

நேட்டால்காரர் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "டர்பன்ல நம்ம தமிழாளுங்க பசங்களுக்கு எல்லாம் ரெண்டு பேரு. ஸ்கூல்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணு. அங்க தமிழ் பேச ஆளில்லைன்னு கோயில்ல என்னைத்தான் பாட்டு படிக்கச் சொல்வாங்க. எனக்கா, பாட்டே வராது..." பத்து நிமிஷம் கோயில் கதை ஓடியது. வார்டுக்காரர் கொட்டாவி விட்டு எழுந்து போனார். எனக்கு நிம்மதி வரவில்லை. என் மகன் பேச்சு அந்த மேஜைக்கு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

குமாருக்குக் கட்டாய ராணுவ வேலைக்குப் பேர் விழுந்திருந்தது. குலுக்கலில் விழுந்தது என்றார்கள், யார் குலுக்கினார்கள் என்று கேட்கவா முடியும்? வேலைக்கு வெளியூர் போய்விட்டான் என்று தெருவில் சொல்லிவைத்தேன். அவனோ என் பின்ரூமில் ஜன்னல் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுகிற ஒரு ஆளைப் பிடித்து வைத்திருந்தோம். அவர் "வா" என்று சொல்லும்வரை மகனை யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு உலகத்தில் வேலை. பகலில் அவன் காலணி இல்லாமல் சுவரோரமாக நடப்பான். மெஷினை நிறுத்தாமல் ஓட்டுவேன். அவன் தும்மினால் நான் சத்தமாக இருமுவேன்.

இந்த லட்சணத்தில் கீழ்வீட்டில் ரேடியோ. முன்பெல்லாம் நேட்டால்காரர் சாயங்காலம் கொஞ்ச நேரம் செய்தி கேட்பார். இப்போது காலையிலிருந்து அலறல். கரண்ட் போனாலும் பேட்டரி போட்டு அலறவிடுவார். தலைவலி தாங்காமல் படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஐயா, காது கேட்கலையா உங்களுக்கு? கொஞ்சம் குறைச்சு வைக்கக்கூடாதா?"

"ஜூலு வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னு பேசக்கூடாது தங்கச்சி. உள்ள வந்து, யாரும் சொல்றதுக்கு முன்னாடியே உக்காந்துடணும். நின்னா சண்டைக்கு வந்தவன்னு அர்த்தம்."

"நான் சண்டைக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் ஒரு தட்டை நீட்டினார். வலது கையில் தட்டு, இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி. நம் பர்மாவிலும் பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பது. ஜூலுக்களும் அப்படித்தானாம். அவர் எந்த வழக்கத்தில் கொடுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. தட்டில் ஒரு பாதி ரொட்டி, நடுவில் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றியிருந்தது. டர்பனில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு அதுதானாம், பாத்திரமே வேண்டாம், பாத்திரத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடலாம். தட்டு நிறைய இருந்தது. ஒருத்திக்கு அது அதிகம். வாங்கிக்கொண்டு மேலே வந்த பிறகுதான் அது உறைத்தது. இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறதா?

அன்றைக்கே ஒரு காரியத்துக்குத் துணிந்தேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் செய்வேன். மறுநாள் படியில் அவரை நிறுத்தி, யாரிடமும் சொல்லாததைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, "குமாரு மிங்கலாடோன்ல அவன் அத்தை வீட்ல இருக்கான் ஐயா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன். மிங்கலாடோனில் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் என் நாத்தனார் இருக்கிறாள். சுற்றிலும் பட்டாளம் இருக்கிற இடம், ஒளிந்துகொள்ள யாராவது அங்கே போவார்களா? ஆனால் இந்தப் பொய்யை அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். நாத்தனார் வீட்டுக்கு ஆள் போனால் தலான் இவர்தான். அவளிடமும் விஷயத்தைச் சொல்லி, யாராவது வந்தால் உடனே போன் பண்ணச் சொன்னேன்.

நாட்கள் போயின. போன் வரவில்லை. மாறாக, ஒருநாள் படியில் என்னைக் கண்டதும் அவரே, "மிங்கலாடோன்ல மழை எப்படியாம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டல் எனக்கு விஷமாக இருந்தது. பொய் என்று தெரிந்துதான் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாரா? இன்னும் பெரிய விலைக்குக் காத்திருக்கிறாரா? இவர் எப்படிப்பட்டவர் என்று டோ மியாவிடம் கேட்டதற்கு, "மௌனமா இருக்கிறவனைப் பாத்துத்தான் பயப்படணும்" என்றாள். இவர் எங்கே மௌனமாக இருக்கிறார், வாயே மூடுவதில்லையே என்றேன். "அதுவும் மௌனம்தான்" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சரியென்றே பட்டது.

ஒரே ஒருமுறை அவர் ஒரு கதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நேராகச் சொன்னார். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகல். சந்தில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடியட்டும் என்று நான் படிக்கட்டில் பையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, சிபுன்னு ஒருத்தன். ஜூலு. எங்க கடை ரொட்டி வேனை ஓட்டுறவன். நான் பக்கத்துல உக்காந்து ரொட்டி இறக்குவேன். அப்ப ஓட்டு வரப்போற சமயம். ரெண்டு கட்சிக்கும் வெட்டு குத்து. ஒரு பள்ளத்தாக்குல ஓடை ஒண்ணு. ஓடைக்கு இந்தப்பக்கம் ஒரு கட்சி, அந்தப்பக்கம் இன்னொண்ணு. பாக்க ஒரே மாதிரி குடிசை, ஒரே மாடு, ஒரே பாஷை. பாலத்துல பசங்க தடியோட நின்னு வேனை நிறுத்தினாங்க. நீ யார் ஆளு, எந்த ஊர், எந்தக் குலம்னு சிபுவைக் கேட்டாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"சொல்லிட்டான். ஜூலுவுக்கு அது மானம். குலம் கேட்டா மறைக்கமாட்டான், தாத்தன் பூட்டன் பேரெல்லாம் சேத்துச் சொல்லுவான். தலை நிமிந்து நேராச் சொன்னான். அது ஓடைக்கு அந்தப்பக்கத்துப் பேரு."

மழை படிக்கட்டின் உள்ளேயும் தெறித்தது. அவர் லுங்கியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"கரும்புக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க. அப்புறம் என்கிட்ட வந்தாங்க. நீ யாருன்னாங்க. நான், ரொட்டின்னேன். சூடா இருக்கு, எடுத்துக்கங்கன்னேன். எடுத்துக்கிட்டாங்க. என்னைப் போகச் சொல்லிட்டாங்க. எனக்கு வேன் ஓட்டத் தெரியாது, நடந்தே வந்தேன்."

பாவமாக இருந்தது, அது உண்மை. ஆனால் அதைவிட உண்மை, பயமாக இருந்தது. நெருக்கடி வந்தால் இவர் ரொட்டியை நீட்டித் தப்பிக்கிறவர். நாளைக்கு என் வாசலில் ஆட்கள் தடியோடு வந்து நின்றால் இவர் என்ன செய்வார்? பையை எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கிப் போய்விட்டேன்.

அவர்கள் வந்தது நல்ல வெயில் நேரத்தில். நான் ஒரு கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பால்கனி மணி அடித்தது. வழக்கம்போல வாயில் வசவோடு எட்டிப் பார்த்தேன். கீழ்ப் பால்கனியில் அவர் தலை. இந்தமுறை கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சந்துமுனைப் பக்கம் திருப்பினார். வார்டுக்காரரும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் திரும்பும்முன்பே குமார் எழுந்துவிட்டான். எங்களுக்கு இருந்த ஒரே வழி கூரை. சமையலறைக்குப் பின்னால் ஒரு ஏணி, மேலே ஒரு தகரக் கதவு, அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துக் கூரைக்குத் தாவிவிடலாம். ஆனால் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டித்தான் திறக்கவேண்டும், அதற்கு நேரம் வேண்டும். அவன் ஏணியில் ஏறினான். நான் அவன் தட்டையும் படுக்கையையும் என் துணிக்குவியலுக்குள் திணித்தேன். கீழ்வீட்டில் ரேடியோ முன்னெப்போதும் இல்லாத சத்தத்தில் அலறத் தொடங்கியது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான், அந்த அவசரத்தில்தான், இத்தனை நாள் அந்த ரேடியோ எதற்கு அலறியது என்று புரிந்தது. பலகைத் தளம். குமார் வைத்த ஒவ்வொரு அடியும் அவர் தலைக்கு மேலேதான் விழுந்திருக்கும்.

வாசலுக்கு வந்து படிக்கட்டின் மேலே நின்றேன். அந்தப் படிக்கட்டில் கீழே பேசுவதெல்லாம் மேலே தெளிவாகக் கேட்கும். அவர் தன் வாசலில், படியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். பேச்சு பர்மியத்தில் நடந்தது.

"ஊ ஆஃப்ரிக்கா, வழி விடுங்க. மேலே போகணும்."

"வாங்க வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"மேல்வீட்டுப் பையன் இருக்கானா?"

"மேல்நாடு கீழ்நாடுன்னு நேட்டால்லயும் உண்டு. மலையடிவாரத்துல குளிரு, கடற்கரைல வேர்வை. ஒரே நாள்ல..."

"கதை வேண்டாம்." இது துப்பாக்கிக்காரன் குரல். "இருக்கானா, இல்லையா? ஒரே வார்த்தை."

ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. இதோ இப்போது ரொட்டியை நீட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இருக்கான்" என்றார் நேட்டால்காரர்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஒரு நொடி அவரை நான் வெறுத்த மாதிரி வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை.

"என் வீட்டுல இருக்கான். பின்ரூம்ல. அவங்க அம்மாவுக்குத் தெரியாது, நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன். உள்ள வந்து பாருங்க."

தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பெட்டி கவிழ்ந்தது, கட்டில் இழுபட்டது, கண்ணாடி ஏதோ உடைந்தது. ரேடியோ பாதிப் பாட்டில் நின்றுபோயிற்று. அதற்குள் என் சமையலறைக்கு மேலே வெளிச்சம் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏணியில் யாருமில்லை, தகரக் கதவு திறந்து வானம் தெரிந்தது. ஏறி அதைச் சாத்திவிட்டு, ஏணியைச் சாய்த்துத் துணி காயப்போட்டு, மெஷினில் வந்து உட்கார்ந்தேன். அவர்கள் மேலே வந்தபோது நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி துணியில் எங்கே இறங்கியது என்று எனக்குத் தெரியாது. தேடினார்கள், துணிகளை உதைத்தார்கள், போனார்கள்.

கீழே அவரை இழுத்துக்கொண்டு இறங்குவது கேட்டது. "எதுக்குய்யா பொய் சொன்னே?" என்று வார்டுக்காரர் கத்தினார். "உலுண்டில ஒரு ஆபீஸ் இருந்துச்சு" என்று அவர் ஆரம்பித்தார். அடி விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு காலடிச் சத்தம் மட்டும்தான்.

குமார் லைங் தாயாவில் கார்மெண்ட் வேலை செய்யும் ஒரு நண்பனின் அறையில் கொஞ்ச நாள் கிடந்தான். கம்பெனி பஸ்ஸில் தைக்கிற பெண்களோடு பெண்களாக உட்கார்ந்து போனானாம். பிறகு எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து போன் வந்தது. நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "கீழ்வீட்டு மாமா வந்துட்டாராம்மா?" என்றான். வரவில்லை. விசாரித்து அனுப்பிவிடுவார்கள் என்று தெருவில் சொன்னார்கள், அனுப்பவில்லை. ஆளை ஒளித்து வைத்ததாக அவரே வாயால் சொல்லிவிட்டாரே.

சிறையில் இருப்பவருக்குச் சாப்பாடு கொடுக்கலாம், ஆனால் சொந்தக்காரர்கள் மட்டும்தான் கொடுக்கலாம் என்றார்கள். அவருக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் போகிறேன் என்றதும் டோ மியா கையைப் பிடித்துக்கொண்டாள். "பைத்தியமா உனக்கு? அவருக்கு நீ யாருன்னு கேட்பாங்க. உன் பேரும் அவர் பேரும் ஒரே இடத்துல போய் உக்காந்துக்கும். மகனைத் தேடிக்கிட்டிருக்காங்க, மறந்துட்டியா?" மறக்கவில்லை. அவள் சொன்னது எல்லாம் சரி. தலான் என்று சொன்னதும் அவள்தான் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை, அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பீன்ஸ் அவள் ஊறப்போட்டதுதான்.

ரொட்டி வாங்கிவந்து நடுவில் குடைந்தேன். முதல் ரொட்டி அடியில் ஓட்டையாகிக் குழம்பு ஒழுகிவிட்டது. இரண்டாவது நின்றது.

சிறை வாசலில் சாப்பாடு வாங்கும் ஜன்னலில் ஒரு யூனிஃபார்ம் பெண் இருந்தாள். என் மகன் வயசுதான் இருக்கும், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். யாருக்கு என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவருடைய பேரை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை, அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

அவள் ரொட்டியை இரண்டாக வெட்டி, கம்பியால் குத்திப் பார்த்தாள். குழம்பு வழிந்தது.

"என்ன சாப்பாடு இது?"

"ஆப்பிரிக்காவில சாப்பிடுறது."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

டீ மேஜையில் பட்டாணி தூவி அவர் காட்டிய வித்தை எனக்கும் கொஞ்சம் வந்திருந்தது. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று ஆரம்பித்து, எங்கேயாவது கொண்டுபோய் அவளைக் கொட்டாவி விடவைத்திருக்கலாம். சாப்பாடு உள்ளே போயிருக்காது, நானும் பத்திரமாக வீட்டுக்குப் போயிருப்பேன். கீழ்வீட்டுக்காரர் என்று உண்மையைச் சொன்னாலும் அதேதான்.

"தங்கச்சி" என்றேன். "அவர் என் அண்ணன்."

அட்டையைக் கேட்டாள். இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு நீட்டினேன். எங்கள் அடையாள அட்டையில் அப்பா பேர் எழுதியிருக்கும். அவள் என் அட்டையில் அப்பா பேரைப் படித்தாள், முன்னாலிருந்த பதிவில் அவருடைய அப்பா பேரைப் படித்தாள். மறுபடி என் அட்டையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"கூடப் பிறந்தவரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

அவள் அட்டையை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு ரொட்டியின் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துவைத்து உள்ளே தள்ளினாள்.